எம்-ஏ-என் வரும் ஆங்கிலச் சொற்கள்: அகராதியை வைத்துப் பிரித்துப் படிப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் ஒருநாள் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பயிற்சி வகுப்பில் கொடுத்ததாம். ஒரே எழுத்துவரிசை வரும் ஆங்கிலச் சொற்களைப் பக்கம் பக்கமாகத் தொகுத்து, எதிரே ஒற்றைச் சொல்லில் அர்த்தம் போட்டிருந்தார்கள். எம்-ஏ-என் பக்கத்தில் 'ஹியூமன்', 'மேனேஜர்', 'மேனியா', 'பெர்மனென்ட்', 'மேங்கோ' எல்லாம் வரிசையாக நின்றன. தலைப்பில் ஒரு குறிப்பு: இந்தச் சொற்களுக்குள் மனிதன் ஒளிந்திருக்கிறான், அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, மாங்காய்க்குள்ள எங்க மனுஷன் இருக்கான்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

எழுத்துவரிசையை வைத்துச் சொற்களைச் சேர்ப்பது நல்ல வழி. கோளாறு அந்தத் தலைப்புக் குறிப்பில்தான். முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாரையும் பங்காளி என்று சொல்லிவிட முடியுமா? யார் யாருக்கு உறவு என்று அகராதியில் எழுதியே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஐம்பது சொற்களை ஐம்பது தனி அர்த்தங்களாக உருப்போட வேண்டியதில்லை. அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில்: எழுத்துவரிசையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று முதல் ஐந்து எழுத்து போதும். இரண்டு எழுத்து என்றால் பாதி அகராதியே வந்துவிடும். ஆறு எழுத்துக்கு மேல் போனால் கைக்கு ஏழெட்டுச் சொல்தான் தேறும். ஆரம்பிப்பதற்கு எம்-ஏ-என் மிகவும் நல்லது. லத்தீன், கிரேக்கம், பழைய ஆங்கிலம், அரபி, சமஸ்கிருதம் என்று பல ஊர்ச் சொற்கள் அதில் கலந்து கிடக்கின்றன. தமிழுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

அப்புறம்: சொற்களைச் சேருங்கள்

அகராதியைத் திறக்கும் முன்பு பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். சும்மா எழுதினாலே இருபது சொல் வரும். அச்சு அகராதியைத் திறந்தால் எம்-ஏ-என் என்று தொடங்கும் சொற்கள் மட்டும்தான் ஒரே இடத்தில் கிடைக்கும். நடுவிலும் கடைசியிலும் வருபவை அகராதி முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதற்கு இணையத் தேடல்தான் வசதி. 'ஒன்லுக்' என்ற அகராதித் தேடல் தளத்தில் எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். நட்சத்திரம் என்றால் 'இங்கே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம்' என்று பொருள். கேள்விக்குறி என்றால் ஒரே ஒரு எழுத்து. முன்பக்கம் மட்டும் நட்சத்திரம் போட்டால் எம்-ஏ-என் என்று முடியும் சொற்கள் வரும். பின்பக்கம் மட்டும் போட்டால் அதில் தொடங்குபவை.

பட்டியல் ஆயிரக்கணக்கில் வந்து மிரட்டும். மிரள வேண்டாம். ஒரு தடவையாவது கேட்ட, படித்த சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கு நாற்பது போதும்.

இப்படி எழுத்தை வைத்துச் சொற்களைக் கட்டுவது நமக்குப் புதிதில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் உருவானது. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதியில் எதுகைப் பொருத்தப்படி சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். செய்யுள் எழுதுகிறவனுக்கு ஓசை ஒத்த சொல் உடனே வேண்டும், அதற்காக. அங்கேயும் எதுகை ஒத்துவந்தால் பொருள் ஒத்துவரும் என்று யாரும் சொல்லவில்லை.

அகராதிப் பதிவை எப்படிப் படிப்பது

நிறையப் பேர் அகராதியைத் திறந்ததும் முதல் அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு பதிவில் தலைச்சொல், உச்சரிப்பு, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்ற சுருக்கக்குறி, எண் போட்ட அர்த்தங்கள், எடுத்துக்காட்டு வாக்கியம், சொல்பிறப்பு ஆகியவை இருக்கும். நமக்கு இந்தக் கடைசி விஷயம்தான் தங்கம். அச்சு அகராதிகளில் பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள்.

எண் போட்ட அர்த்தங்களின் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் டிக்‌ஷனரி, மெரியம்-வெப்ஸ்டர் போன்றவை வரலாற்று வரிசையில் அடுக்கும்: பழைய அர்த்தம் முதலில், புதியது பிறகு. அதனால் ஒன்றாம் எண்ணில் இருப்பது இன்று யாருமே பயன்படுத்தாத அர்த்தமாகக்கூட இருக்கலாம். மாணவர்களுக்கான அகராதிகளில் இன்று அதிகம் புழங்கும் அர்த்தம் முதலில் வரும். 1978இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி இன்னொரு நல்ல காரியம் செய்தது. சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே எல்லா விளக்கங்களையும் எழுதியது. அர்த்தம் தேடப் போய், அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடும் அவஸ்தை அதில் குறைவு. ஆனால் மாணவர் அகராதிகள் பலவற்றில் சொல்பிறப்பு இருக்காது. ஆகவே இரண்டு வேண்டும்: அர்த்தத்துக்கு மாணவர் அகராதி, பிறப்புக்குப் பெரிய அகராதி. பிறப்பை மட்டும் பார்க்க டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் 'எட்டிமான்லைன்' தளம் போதும், இலவசம்தான்.

பிறப்புப் பகுதியில் 'எல்' என்றால் லத்தீன், 'ஓஇ' என்றால் பழைய ஆங்கிலம், 'ஜிகே' என்றால் கிரேக்கம். 'ப்ராப்' என்று இருந்தால் 'அநேகமாக இப்படித்தான்' என்கிறார்கள், சத்தியம் பண்ணவில்லை. இங்கேயும் நட்சத்திரக் குறி வரும், குழம்பிவிடாதீர்கள். தேடலில் அது 'எந்த எழுத்தும்'. பிறப்பில் அது 'எழுத்தில் எங்கும் கிடைக்காத, அறிஞர்கள் ஊகித்துக் கட்டிய வடிவம்'.

இனி குவியல்களாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கை, தங்குதல், மனிதன், மனம், தனியாள். ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் பார்த்து அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். உங்களுக்கே வியப்பாக இருக்கும், மனிதன் கட்டம் அவ்வளவாக நிறையாது. நிறைந்து வழிவது கை கட்டம்.

லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. 'மேனுவல்' கையால் செய்வது, பெயர்ச்சொல்லானால் கையேடு. தமிழிலும் கைதான் முன்னால் நிற்கிறது, பாருங்கள். 'மேனுஸ்கிரிப்ட்' கையெழுத்துப் பிரதி. 'மேனக்கிள்' கைவிலங்கு. 'மேனிக்யூர்' கையைப் பேணுவது. 'மேனேஜ்' இத்தாலிய மொழி வழியாக வந்தது, முதலில் குதிரையைப் பழக்கிக் கையாளுவதைக் குறித்தது. கையாளு என்ற நம் சொல்லும் இதே பாதையில் நடந்து வந்ததுதானே? அலுவலக மேனேஜர் ஒரு காலத்தில் குதிரைக்காரர் என்று சொன்னதும் அக்கா மகன் சிரித்தான். அதன் பிறகு அவனுக்கு அந்தச் சொல் மறக்கவே இல்லை. 'மேனிப்புலேட்' என்பதற்கு அடியில் இருப்பது 'மானிபுலுஸ்', கைப்பிடி அளவு என்று பொருள். 'மேனுஃபேக்சர்' கையால் செய்தல். இன்று கையே படாமல் இயந்திரம் செய்து தள்ளுவதற்குத்தான் அந்தச் சொல்லைப் புழங்குகிறோம்.

இந்தக் கட்டத்தில் இரண்டு சொற்களிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

'மேனிஃபெஸ்ட்' என்றால் வெளிப்படையான, கண்ணுக்குத் தெளிவான என்று அகராதி சொல்லும். அதன் லத்தீன் மூலம் குற்றவாளியைப் பற்றிப் பேசும்போது, செய்துகொண்டிருக்கையிலேயே பிடிபட்டவன் என்ற பொருளில் வரும். ரோமானியச் சட்டத்தில் அப்படிப் பிடிபட்ட திருட்டுக்குத் தனிப் பெயரே உண்டு. தமிழில் எப்படிச் சொல்வோம்? கையும் களவுமாக. ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல ஞாபகக் கயிறு கிடைக்காது.

'இமேன்சிபேட்' என்பதற்கு விடுதலை செய் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். உள்ளே பிரித்தால் மூன்று துண்டு: வெளியே, கை, பிடி. ஒன்றைக் கையால் பற்றித் தனதாக்குவது ரோமானியர் சொத்துரிமையின் அடையாளம். அந்த உரிமையிலிருந்து வெளியே விடுவதுதான் இமேன்சிபேட். தகப்பனின் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிக்கும் சடங்குக்கும் இதே பெயர். அடிமைகள் விடுதலை என்ற பொருள் பின்னால் வந்தது. நம் அரசாணைகளில் வரும் 'கையகப்படுத்துதல்' தெரியும் அல்லவா? அதை அப்படியே திருப்பிப் போட்டால் இமேன்சிபேட்.

'மேனியூர்', அதாவது எரு, இந்தக் கட்டத்தில்தான் விழும் என்றால் நம்ப மாட்டீர்கள். 'கையால் வேலை செய்' என்ற லத்தீன் தொடர் பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்தது. பண்படுத்த நிலத்தில் போடும் சாணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 16ஆம் நூற்றாண்டில். அதே தொடர் இன்னொரு பாதையில் போய் ராணுவத்தார் சொல்லும் 'மனூவர்' ஆனது. எருவும் படைநகர்வும் ஒரு தாய் மக்கள்.

'மேண்டேட்', 'கமாண்ட்', 'டிமாண்ட்' மூன்றையும் கை கட்டத்திலேயே எழுதுங்கள், ஆனால் பென்சிலால். 'கையில் கொடு' என்பதிலிருந்து வந்ததாகத்தான் அகராதிகள் சொல்கின்றன, பக்கத்தில் ஒரு 'ப்ராப்' இருக்கும். 'ரெப்ரிமாண்ட்' இவற்றோடு சேர்ந்தது போலவே ஒலிக்கும். சேராது. அதன் வேர் அமுக்குதல் என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் வினை. நானே பல வருஷம் அதைக் கமாண்டோடு கட்டி வைத்திருந்தேன்.

தங்கும் கட்டம்

லத்தீனில் 'மனேரே' என்றால் தங்கு, நிலைத்திரு. 'பெர்மனென்ட்' முழுக்கத் தங்குவது. 'மேனர்' பண்ணைப் பெருமனை. 'மேன்ஷன்' என்றால் அகராதியில் மாளிகை. இதைப் படித்துவிட்டுச் சென்னைக்கு வருகிறவன் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பார்த்தால் திகைத்துப் போவான். ஓர் அறை, மூன்று கட்டில், கொடியில் காயும் லுங்கி. ஆனால் மூலச் சொல்லான 'மன்சியோ' ரோமானிய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்த அதிகாரிகள் இரவு தங்கும் இடத்துக்கும் பெயராக இருந்தது. வந்து தங்கிவிட்டுப் போகும் இடம். அப்படிப் பார்த்தால் லண்டன் மாளிகைகளைவிட நம் திருவல்லிக்கேணிதான் மூலப் பொருளுக்குக் கிட்டே இருக்கிறது.

மனிதன் கட்டம்

பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்றால் ஆண் என்று மட்டும் இல்லை, பொதுவாக ஆள். ஆணுக்கு 'வேர்' என்று தனிச்சொல் இருந்தது. அது இன்று 'வேர்வுல்ஃப்' என்ற ஓநாய் மனிதனில் மிச்சம் இருக்கிறது. பெண்ணுக்கு 'வீஃப்மன்', பெண் ஆள். அது தேய்ந்து 'விம்மன்' ஆகி, பிறகு 'வுமன்' ஆயிற்று. பன்மையை எழுதும்போது ஓ போட்டுவிட்டு 'விமின்' என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கும் இதுதான் விடை. எழுத்து மாறிவிட்டது, பன்மையின் வாய்மொழியில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது.

'ஹியூமன்' இந்தக் கட்டத்தில் கிடையாது. அது லத்தீன் 'ஹுமானுஸ்'. மண் என்று பொருள்படும் 'ஹுமுஸ்' அதற்கு உறவு. மேனோடு பொருள் ஒத்துப்போனது தற்செயல். ஜெராக்ஸ் கட்டில் முதலில் நின்ற சொல்லே தவறான வீட்டில் நின்றது.

இங்கே ஒரு சோதனை: பன்மை. 'போஸ்ட்மன்' பன்மையில் ஏ போய் ஈ வரும், வுமனுக்கும் அப்படியே. ஆனால் 'ஹியூமன்', 'ஜெர்மன்', 'ரோமன்', 'ஷாமன்', 'டாலிஸ்மன்' எல்லாவற்றுக்கும் கடைசியில் எஸ் மட்டும்தான். உள்ளே மேன் இல்லை, அதனால் மாறவும் இல்லை. 'நார்மன்' மட்டும் டிமிக்கி கொடுக்கும். வடக்கத்தி ஆள் என்பதுதான் அதன் பொருள், ஆனால் பிரெஞ்சு வழி சுற்றிக்கொண்டு வந்ததால் பன்மையில் எஸ் வாங்கிக்கொண்டது.

மனமும் மாங்காயும்

நான்காவது கட்டம் நமக்குக் கொஞ்சம் பழக்கமானது. 'மேனியா' கிரேக்கம், வெறி. 'மந்த்ரா' சமஸ்கிருதம். இரண்டுக்கும் அடியில் நினைத்தல் என்ற பொருள்தரும் ஒரே பழைய வேரைப் பெரிய அகராதிகள் காட்டுகின்றன. நாம் மனம் என்று சொல்வதற்கு மூலமான வடசொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

'மேண்டரின்' எங்கே போகும்? சீன மொழி, சீன அதிகாரி, அதனால் சீனச் சொல் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது நம்முடைய 'மந்திரி'. சமஸ்கிருத மந்திரின் மலாய் மொழிக்குப் போய் 'மென்த்ரி' ஆனது. அங்கே வந்த போர்ச்சுகீசியர் சீன அதிகாரிகளை அந்தப் பெயரால் அழைத்தார்கள். அவர்கள் மொழியில் கட்டளையிடு என்பதற்கு ஒரு சொல் உண்டு, 'மந்தார்', நாம் பார்த்த கமாண்டின் உறவு. அந்த ஒலியும் வந்து மோதித்தான் மேண்டரின் என்ற வடிவம் உண்டானது. ஆகவே இதை மனக் கட்டத்தில் எழுதி, கை கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ஐந்தாவது கட்டம் 'தனியாள்'. உறவே இல்லாதவர்கள் எல்லாம் இங்கே. 'மெனி' பழைய ஆங்கிலம், மனிதனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஆடமன்ட்' அடக்க முடியாத என்று பொருள்படும் கிரேக்கச் சொல், அதே மூலத்திலிருந்துதான் 'டயமண்ட்' வந்தது. 'பெர்ஃபார்மன்ஸ்' இன்னும் சாதாரணம்: 'பெர்ஃபார்ம்' முடிந்து 'அன்ஸ்' தொடங்கும் இடத்தில் மூன்று எழுத்தும் தற்செயலாகக் கைகோத்துக்கொண்டன. இந்த மாதிரி ஒட்டுப்போட்ட இடத்தில் உருவாகும் சொற்களை முதலிலேயே அடித்துவிட்டால் பட்டியல் பாதியாகும்.

மேங்கோவும் இங்கேதான். போர்ச்சுகீசியர் 'மங்கா' என்றார்கள், அது ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது. மங்காவுக்கு மூலமாக அகராதிகள் மலையாளத்து 'மாங்ங'வையும் நம் 'மாங்காய்'ஐயும் காட்டுகின்றன. இந்தச் சொல்லின் எல்லா அர்த்தங்களையும் பெரிய அகராதியில் கீழே வரை இறங்கிப் படியுங்கள். அந்தக் காலத்தில் மாங்காய் கப்பலில் ஊறுகாயாகத்தான் தூர தேசம் போய்ச்சேரும். அதனால் வேறு காய்களை ஊறுகாய் போட்டாலும் மேங்கோ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் சில இடங்களில் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. முதல் அர்த்தத்தோடு அகராதியை மூடுகிறவர்களுக்கு இந்தக் குடைமிளகாய் கிடைக்காது.

உங்கள் சொந்த விளக்கத்தை எழுதுங்கள்

பிரித்து முடித்ததும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஒற்றைச் சொல் அர்த்தம் வேண்டாம். 'மேனேஜ்: நிர்வகி' என்று எழுதினால், 'சமாளித்துவிட்டேன்' என்ற பொருளில் அந்தச் சொல் வரும்போது முழிப்பீர்கள். நோட்டில் நான் எழுதச் சொன்ன மாதிரி இது:

மேனேஜ். வினை. கை கட்டம். குதிரையைக் கையாளுதல் என்பதிலிருந்து. இன்று: ஆட்களையோ வேலையையோ பொறுப்பேற்று நடத்து, சிரமத்துக்கு நடுவில் ஒன்றை எப்படியோ செய்து முடி. வாக்கியம்: சில்லறை இல்லாமல் மேனேஜ் பண்ணிவிட்டேன்.

வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும். அகராதி வாக்கியத்தைக் காப்பியடித்தால் அது அகராதியிலேயே தங்கிவிடும்.

உச்சரிப்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து மூன்றும் அதேதான், ஒலி அப்படியில்லை. 'மேன்' தனியாக வந்தால் வாய் அகலத் திறக்கும். 'போஸ்ட்மன்' கடைசியில் அது சுருங்கி 'மன்' ஆகிவிடும், 'ஸ்னோமேன்' போன்ற சிலவற்றில் சுருங்காது. 'மெனி' வேறு, 'வுமன்' வேறு. நம்மவர்கள் எல்லாவற்றையும் 'மேன்' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எழுத்தைப் பார்த்துப் படித்துப் பழகியதுதான். அகராதித் தளங்களில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால் சொல்லிக் காட்டும், நாலு தடவை கேட்டுவிட்டு அப்புறம் சொல்லிப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, கட்டங்களை மட்டும் வெறுமையாக வரைந்து நிரப்பிப் பாருங்கள். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று தடுமாறுகிறீர்களோ அதைத்தான் மறுபடி அகராதியில் பார்க்க வேண்டும். மற்றவற்றை விட்டுவிடலாம். இது சரியாக வந்ததும் அடுத்ததாக ஓ-யு-ஜி-எச் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கதை வேறு. 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'ப்ளௌ' எல்லாவற்றுக்கும் அதே நான்கு எழுத்து, ஆனால் எதுவும் எதனோடும் ஓசை ஒத்துப்போகாது. எதுகை பார்த்துப் பழகிய காது கதறும். அங்கே பிறப்பைவிட உச்சரிப்புக் கட்டங்கள்தான் முக்கியம்.

ஒரு சொல் மட்டும் எங்கள் தாளில் இன்னும் கட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 'ஆல்மனாக்', நம் பஞ்சாங்கம் மாதிரியான ஆண்டுக் குறிப்பேடு. ஸ்பெயினில் பேசிய அரபி வரை அகராதிகள் பின்னால் போகின்றன, அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று சொல்கின்றன. அக்கா மகன் அதைத் தாளின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.